ஹாலில் இருக்கும் படம் நான் வரைந்தது

அந்தப் படத்தை வரைந்தது நான்தான் என்று அன்று நான் சொல்லவில்லை. ஆமையைப் பற்றி நீ சொன்னது சரி என்றும் சொல்லவில்லை. பள்ளி கரஸ்பாண்டென்ட் அறையில், சுவரோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் திருத்தாத விடைத்தாள் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டும் ஐந்தாறு சொற்களுக்கு மேல் இல்லாதவை. சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைத்தான் இரண்டு வருடமாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதன் பிறகு புனே. பத்திரிகை கொடுக்கும் அலைச்சலிலும் பட்சணத்துக்கு ஆள் பார்ப்பதிலும் அம்மாவும் பெண்ணுமாக நாம் இருவரும் தினமும் எவ்வளவோ பேசுகிறோம், இதை மட்டும் பேசுவதில்லை. பேச வாய்ப்பு வரும்போதெல்லாம் நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறாய், நான் போனைப் பார்க்கிறேன். அதனால் எழுதுகிறேன். உன் பெயரும் என் பெயரும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதுகிறேன். பெயரில்லாமல் எழுதுவதில் ஒரு கோழைத்தனம் இருக்கிறது, தெரியும். ஆனால் உனக்குத் தனியாக எழுதி உன் பெட்டியில் புடவைக்கடியில் வைத்துவிட்டால், அது மறுபடியும் நம் இருவருக்குள்ளேயே முடிந்துபோகும். அப்படி நம் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டதுதானே நான் செய்த தவறு.

போன வாரம் தி.நகரில் கூறைப்புடவை எடுத்தோமே, நீ ரவிக்கை அளவு கொடுக்க மாடிக்குப் போயிருந்த நேரம் கடை முதலாளி என்னிடம் வந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான், “மிஸ், என்னைத் தெரியலையா? பத்தாவதுல எம் பிள்ள உங்க ஸ்கூல்லதான் படிச்சா” என்றார். உன் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்த அந்தப் பெண்ணின் அப்பா. அன்று அந்த அறையில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர். அவர் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் படம் எப்படி வந்தது என்று எழுதியாக வேண்டும். நீ கூடவே இருந்தாய் என்றாலும், உனக்கு அப்போது ஆறு வயது.

நான் அந்தப் பள்ளியில் சேர்ந்த இரண்டாவது வருடம். பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுந்து, நாம் குரங்கிலிருந்து வந்தோம் என்றால் எங்கள் வீட்டில் கும்பிடுகிற சாமியெல்லாம் பொய்யா மிஸ் என்று கேட்டாள். வம்புக்குக் கேட்கவில்லை, முகம் வாடிப்போய்க் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு உண்மையான பதில், ‘இந்தப் பாடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இது வேறு, அது வேறு, நீ இரண்டையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும், நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்பது. எனக்கு இருபத்தெட்டு வயது. வேலை நிரந்தரமாகவில்லை. மாட வீதியைச் சுற்றியே பாதிப் பிள்ளைகளின் வீடு, சாயங்காலம் கோயிலில் அவர்களுடைய அம்மாக்களைப் பார்க்க வேண்டும். ஒரு நொடி யோசித்தேன். பிறகு சாக்பீஸை எடுத்து, பலகையில் மீன் வரைந்தேன். அதன் பக்கத்தில் ஆமை. அதன் பக்கத்தில் பன்றி. பிறகு பாதி மிருகம் பாதி மனிதன், பிறகு குள்ள மனிதன், பிறகு கோடரி பிடித்த மனிதன். பார்த்தீர்களா, தசாவதாரமே பரிணாமம்தான் என்றேன்.

வகுப்பே மலர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் எந்தப் பாடத்திலும் கொடுத்ததில்லை. இது என் கண்டுபிடிப்பும் இல்லை, நம்மவர்களில் கொஞ்சம் படித்தவர்கள் கல்யாணப் பந்தியிலும் கச்சேரி இடைவேளையிலும் சொல்லிச் சொல்லி மகிழ்கிற விஷயம்தான். ஆனால் அவர்கள் பயாலஜி டீச்சர் இல்லை. இரண்டு நாளில் செய்தி பழைய கரஸ்பாண்டென்ட் காதுக்குப் போயிற்று. அவர் என்னைக் கூப்பிட்டு, நவராத்திரிக்கு ஸ்கூல் ஹாலில் கொலு வைக்கும்போது இதைப் பெரிய படமாக வைக்கலாமே என்றார். நல்ல மனிதர், உனக்கு ஞாபகம் இருக்கும், பெண் குழந்தைகளின் ஃபீஸ் பாக்கியைப் பற்றி ஒருநாளும் வகுப்பில் வைத்துக் கேட்க விடமாட்டார். மறுக்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது.

அப்போது நாம் இருந்த மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் செய்தித்தாளைப் பரப்பி, பிளைவுட் பலகையைக் கிடத்தி, பதினோரு நாள் வரைந்தேன். நீ பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, எப்போது பெயிண்ட் அடிக்கக் கொடுப்பாய் என்று பிடுங்கிக்கொண்டிருந்தாய். ஆமை ஓட்டை உனக்குக் கொடுத்தேன். பச்சையை அப்பி அப்பி அடித்தாய். கீழே பெயர்கள் எழுதினேன். மீனுக்கு ‘நீர்வாழ்வன’. ஆமைக்கு ‘இருவாழ்விகள்’. எழுதும்போதே தெரியும், ஆமை இருவாழ்வி இல்லை, ஊர்வன. தவளைதான் அந்த இடத்துக்கு வேண்டும், தவளை அவதாரம் இல்லையே. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டேன். முடிந்ததும் கரஸ்பாண்டென்ட் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, அடியில் ‘நம் முன்னோர் அன்றே அறிந்த அறிவியல்’ என்று ஒரு வரி போடுங்களேன் என்றார். அதையும் போட்டேன். மற்ற எழுத்துகளைவிடத் தடித்த தூரிகையால் போட்டேன். என் பெயரைப் போடவில்லை, பள்ளியின் பெயர் போதும் என்றார். அது அப்போது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்தது, பிறகு வசதியாகிவிட்டது. கொலு எடுத்த பிறகும் படம் ஹால் சுவரிலேயே தங்கிவிட்டது.

உன் அப்பா மட்டும் அந்தப் பலகையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இதுல குரங்கே இல்லையே?” என்றார். அவதாரத்தில் குரங்கு கிடையாது என்றேன். “ஏண்டி, மனுஷன் குரங்குலேர்ந்து வந்தான்னு சொல்றதுல எனக்கொரு கஷ்டமும் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை நங்கநல்லூர் போயி அவருக்குத்தானே வடைமாலை சாத்திண்டு வரேன்? பெரியவாளுக்கு மரியாதை பண்றதா இருந்துட்டுப் போறது” என்று சொல்லிச் சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, பெயிண்ட் காய்வதற்குள் மூலையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது நினைத்தால், அந்தக் கேலியில் என் பத்துக் கட்டங்களைவிட அதிக நேர்மை இருந்தது. அவர் இரண்டையும் ஒன்றாக்கவில்லை. இரண்டையும் தம் மடியில் வைத்துக்கொண்டு சும்மா சிரித்தார்.

உனக்குப் பதின்மூன்று வயதில் தவறு தெரிந்துவிட்டது. பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல், “அம்மா, ஆமை ரெப்டைல்மா. நீ தப்பா எழுதிருக்கே” என்றாய். தெரியும் என்றேன். “தெரிஞ்சுமா?” என்றாய். உன் குரலில் அதிர்ச்சியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது, பெரியவர்கள் தெரிந்தே தவறு செய்வார்கள் என்பது அன்றுதான் உனக்குப் புதிதாகப் புலப்பட்டது போல. ஒரு சனிக்கிழமை இருவரும் போய்த் திருத்திவிடலாம், சின்னத் தூரிகை போதும் என்றாய். கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துவிட்டார்கள், இனித் திறக்க முடியாது என்று சொன்னேன். பொய்யில்லை, கண்ணாடி போட்டிருந்தார்கள். கண்ணாடியை எடுக்க முடியாது என்பதுதான் பொய்.

அதற்கும் முன்னால் ஒன்று நடந்தது. பதினோரு வயதில் உனக்கு டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நான் உன் கட்டிலருகே உட்கார்ந்து, காலையும் மாலையும் பிளேட்லெட் எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்துக்கொண்டும், உதட்டுக்குள் சுலோகம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். தேறி வீட்டுக்கு வந்தபின் கேட்டாய், எதைம்மா நம்பினே, டாக்டரையா பெருமாளையா என்று. ரெண்டையும் என்றேன். “ரெண்டும் ஒண்ணா?” என்றாய். “இல்லை, ரெண்டும் ரெண்டு” என்றேன். அது சரியான பதில். என் வாழ்க்கையில் இந்த விஷயத்தைப் பற்றி நான் சொன்ன ஒரே நேர்மையான பதில் அதுதான். ஒரு குழந்தைக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்குள் சொன்னேன். வகுப்பில் வருடத்துக்கு நூறு குழந்தைகளுக்கு வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ ஜூவாலஜி எடுத்து, பி.எட். முடித்து, அதே பள்ளிக்கு ஆசிரியையாக வந்தபோது எனக்கிருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. பள்ளிக்குள் என்னை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நீயே ஒரு விதி வைத்தாய். அடையாறிலிருந்து உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவேன். கேட்டுக்குள் நுழைந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, “வரேன் மிஸ்” என்பாய். நீ நன்றாகச் சொல்லிக்கொடுத்தாய். அதை நான் உன்னிடம் சொன்னதில்லை. உன் வகுப்பு வழியாகப் போகும்போது ஜன்னலருகே ஒரு நிமிடம் நின்று கேட்பேன். உனக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால், “தெரியலை, பார்த்துட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்” என்பாய். இருபது வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. முதல் வரிசையில் உட்காருகிற ஒரு பெண், ஹாலில் இருக்கிற படத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் பப்ளிக் எக்ஸாமில் மார்க் வருமா மிஸ் என்று கேட்டிருக்கிறாள். பரீட்சையை நினைத்துக் கேட்ட கேள்வி. நீ, வராது, அந்தப் படம் தப்பு என்று சொல்லியிருக்கிறாய். ஏன் தப்பு என்றும் சொன்னாய். மீன் ஆமையாகி, ஆமை பன்றியாகி, ஏணிப்படி போல ஏறி வந்து மனிதன் உச்சியில் நிற்பதில்லை, இன்றைக்குக் கடலில் இருக்கிற மீனும் நம்மைப் போலவே அத்தனை காலமும் மாறி வந்ததுதான், இதை யாரும் திட்டம் போட்டு நடத்தவில்லை என்று சொன்னாய். சாமியைப் பற்றி ஒரு வார்த்தையும் நீ சொல்லவில்லை. பிறகு அந்த வகுப்பில் நான்கைந்து பேரை விசாரித்தேன், எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் பூஜை அறைக்குள் வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அவள் அப்பா மறுநாள் வந்தார். பெரிய சண்டைக்கு ஆயத்தமாக நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கரஸ்பாண்டென்ட் நாற்காலியில் இப்போது அவருடைய மகன், பின்னால் சுவரில் பெரியவரின் படம், மாலையோடு. நீ மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாய், உன்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அந்த மனிதர் சண்டை போடவில்லை. கர்ச்சீப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே பேசினார்.

“நான் சண்டைக்கு வரல சார். எம் பிள்ளைக்கு அம்மா போயி ஒன்றர வருசம் ஆவுது. அம்மா பெருமாள்ட்ட இருக்கான்னு சொல்லித்தான் தேத்தி வச்சிருக்கேன். இப்ப வந்து கேக்கா, ‘அந்தப் படம் தப்புன்னா அப்ப அம்மா எங்கப்பா’ன்னு. நான் என்னத்தச் சொல்லட்டும்?”

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் நம்பிக்கையை உன் பாடம் உடைக்கவில்லை, என் படம்தான் உடைத்தது. பெருமாள் உண்மை, ஏனென்றால் அறிவியலே அதைச் சொல்கிறது, பார் மீன், பார் ஆமை என்று அவளுடைய பெருமாளைக் கொண்டுபோய் என் தப்பான ஆமையோடு சேர்த்துக் கட்டியவள் நான். ஒன்று சரிந்ததும் மற்றதும் கூடச் சரிந்தது. தனியாக விட்டிருந்தால் அது பாட்டுக்கு நின்றிருக்கும். அவதாரம் யாரையோ காப்பாற்ற வருகிறது. யானை கூப்பிட்டால் வரும், குழந்தை கூப்பிட்டால் தூணிலிருந்து வரும். பரிணாமம் யாரையும் காப்பாற்ற வருவதில்லை. அம்மா இல்லாத ஒரு பெண்ணிடம் இரண்டும் ஒன்றேதான் என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று பதினெட்டு வருடம் எனக்கு உறைக்கவில்லை.

புதிய கரஸ்பாண்டென்ட் உன்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். அது அவர் அப்பா தம் கையால் மாட்டிய படம், யாரோ பெரிய ஆர்ட்டிஸ்ட்டை வைத்து வரைந்தது, அதைத் தப்பு என்று வகுப்பில் சொல்லலாமா என்றார். படம் சரியானதுதான், நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார்.

நீ முதலில் அந்த மனிதரைப் பார்த்துத் திரும்பினாய். “உங்க பொண்ணு மனசு கஷ்டப்பட்டதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன் சார். அவகிட்ட நானே உட்கார்ந்து பேசறேன்.” பிறகு இந்தப் பக்கம் திரும்பி, “ஆனா படம் சரின்னு எழுத முடியாது. படம் தப்பு” என்றாய்.

யார் வரைந்தது என்று நீ சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அதுதான் என்னை இன்றுவரை அறுக்கிறது. நீ என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால், கெஞ்சலாகப் பார்த்திருந்தால், ஒருவேளை எனக்கு வாய் திறந்திருக்கும். பார்த்தாலே காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று கழுத்தை நேராக வைத்துக்கொண்டு நின்றாய். அப்போது கரஸ்பாண்டென்ட்டே என்னிடம் கேட்டார். நீங்கள் சீனியர், இத்தனை வருடமாக பயாலஜி எடுக்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள் மேடம், அந்தப் படத்தில் தப்பு இருக்கிறதா?

“அது ஒரு பார்வை சார்” என்றேன். “பசங்களுக்குப் புரியணும்னு போட்டது.”

“பாருங்க, உங்க அம்மாவே சொல்றாங்க” என்றார் உன்னிடம்.

நீ தலையசைத்தாய். ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினாய். அவர் கேட்ட வரியை எழுதாமல், வேலையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தாய். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவும் எதிர்பார்க்கவில்லை, பாதி எழுந்து, “ஐயோ, அதெல்லாம் வேண்டாமே” என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் என் விடைத்தாள் கட்டின் நாடாவை அவிழ்த்துக் கட்டினேன்.

வெளியே வராந்தாவில் செல்லம்மா ஆயா தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தினமும் முதல் ஆளாக வந்து பள்ளியைத் திறக்கிறவள். அந்தப் படம் மாட்டியபோது பள்ளியில் இருந்தவர்களில் மிச்சம் நானும் அவளும்தான். நான் கடந்து போகும்போது குரலைத் தாழ்த்தி, “இன்னா மிஸ், அந்தப் படம் நீ போட்டதுதானே? உன் வூட்லேர்ந்து கொண்டாரசொல்ல ஒரு பக்கம் நான்தானே புடிச்சிகினு வந்தேன்? பாப்பாவ நிக்க வச்சி கேக்கறாங்க, நீ கம்முனு குந்திகினு கீற” என்றாள். அவளிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதை வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லமாட்டாளா என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் வேலையை இன்னொருவர் செய்துவிட்டால் நன்றாயிருக்குமே என்று.

அன்று சாயங்காலம் உன் வண்டியில்தான் வந்தேன். அடையாறு பாலத்தின் மேல் வண்டிகள் நின்றுவிட்டன. உன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நீ ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, திரும்பாமலேயே சொன்னாய்: “விடும்மா. ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது வேலை இருக்கணுமோல்லியோ.” நீ அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாய். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், குடும்பத்துக்காகத்தான் பேசாமல் இருந்தேன், உன் அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், யாராவது ஒருவர் சம்பாதிக்க வேண்டுமே என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. படத்தை நான் வரைந்தேன் என்று சொன்னால் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருக்கமாட்டார்கள், ‘உங்க கையா மேடம்’ என்று ஆச்சரியப்பட்டிருப்பார்கள். அதற்கு அடுத்த வாக்கியத்துக்குத்தான் பயந்தேன். நான் வரைந்தேன், தெரிந்தே தப்பாக வரைந்தேன் என்ற வாக்கியத்துக்கு. இத்தனை வருடப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் கோயில் வாசலில், “எங்க பயாலஜி மிஸ் மாதிரி வருமா” என்று சொன்னதெல்லாம் எதன் மேல் நின்றது என்று தெரிந்துவிடும் அல்லவா.

வீட்டில் உன் அப்பா நடந்ததைக் கேட்டார். சொன்னேன். “அவ சொன்னது சரியா, தப்பா?” என்றார். சரி என்றேன். “நீ என்ன சொன்னே?” என்றார். நான் விடைத்தாள் கட்டைப் பிரித்ததும், எழுந்து போய் உனக்குத் தோசை வார்த்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அந்தச் சனிக்கிழமையும் வழக்கம்போல நீதான் அவரை வண்டியில் நங்கநல்லூருக்கு அழைத்துப்போனாய். சாமி கும்பிடாத நீ, வாசலில் அவர் செருப்புக்குக் காவலாக நின்றுவிட்டு, அவர் கொடுத்த வடையைத் தின்றபடி வந்தாய். மதத்தை அவமதித்தவள் என்று உன் பெயருக்கு எதிரே பள்ளிக் கோப்பு ஒன்றில் எழுதியிருந்த வாரம் அது.

பிறகு நீ வேறு பள்ளிக்கு எழுதிப்போடவே இல்லை. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் மெடிக்கல் கோடிங் வேலைக்குச் சேர்ந்தாய். ஏதோ ஒரு நாட்டு நோயாளியின் வியாதிக்கு எண் போடுகிற வேலை. நன்றாகத்தான் போகிறது என்கிறாய். அங்கே உன்னை யாரும் கேள்வி கேட்பதில்லை என்று ஒருமுறை சொன்னாய். அதை நல்ல விஷயம் போலச் சொன்னாய். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

கல்யாணம் ஆகிப் போகிற பெண்ணுக்கு அம்மா புத்திமதி சொல்ல வேண்டும் என்கிறார்கள். எனக்கு அந்தத் தகுதி எவ்வளவு என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்றிரண்டு. மந்திரங்களுக்கு அர்த்தம் சொன்னால்தான் மணையில் உட்காருவேன் என்று வாத்தியாரிடம் நீ கேட்டிருக்கிறாய், அவரும் சரி என்றுவிட்டார். நல்லது. புகுந்த இடத்தில் விளக்கேற்றச் சொன்னால், ஏற்றப் பிடித்தால் ஏற்று, பிடிக்காவிட்டால் மெதுவாகச் சொல்லிவிடு. நம்பிக்கை இருப்பதாகக் காட்டிக்கொள்ளாதே. அவர்கள் மனம் கோணாமல் இருக்க, நீ நம்புகிறதும் அவர்கள் நம்புகிறதும் ஒன்றுதான் என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதே. அந்த நேரத்துக்கு எல்லோருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும். பிறகு அதை நம்பி யாராவது ஒரு குழந்தை வந்து நிற்கும். உன்னால் ஒரு தவறு நேர்ந்தால் அன்றைக்கே சொல்லிவிடு, மறுநாள் அது இரண்டு மடங்கு கனமாகிவிடுகிறது. நான் இன்னமும் தினமும் காலையில் சுலோகம் சொல்கிறேன், இன்னமும் பரிணாமம் உண்மை என்று அறிவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அதை மூட எனக்குத் தெரியவில்லை. மூடாமல் விட்டிருக்கலாம் என்பதுதான் இத்தனை வயதில் நான் கற்றது.

கடையில் அவர் சொன்னது இதுதான். அந்த மிஸ்ஸுக்கா கல்யாணம் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார். இன்னும் சொல்லித் தாராங்களா என்றார். இல்லை, வேறு வேலைக்குப் போய்விட்டாள் என்றேன். தான் அந்த மிஸ் வேலைக்கு உலை வைக்க வரவில்லை என்றும், மகளிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லத்தான் வந்ததாகவும், அவர்கள் பேசுகிறேன் என்று சொன்னதுமே தனக்கு மனம் ஆறிவிட்டதாகவும் சொன்னார். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். காமர்ஸ் எடுத்துப் பிளஸ் டூ படிக்கிறாளாம். “இப்ப சாமி கும்பிடுதா மிஸ். நான் சொன்னா வந்து நிக்கா. ஆனா முன்ன மாதிரி கேள்வி கேக்க மாட்டேங்கா. எதுக்குமே கேக்க மாட்டேங்கா” என்றார். அதற்குள் நீ மாடியிலிருந்து இறங்கி வந்தாய். அவர் உன்னைப் பார்த்துக் கைகூப்பினார். நீ அடையாளம் தெரிந்துகொண்டு, பெண்ணை விசாரித்தாய். அவர் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னார். உன் மனம் நோக வேண்டாம் என்று நினைத்திருப்பார். அதனால்தான் நான் எழுதுகிறேன், அவள் நன்றாக இல்லை.

உனக்குத் தெரியாதது இன்னும் ஒன்று இருக்கிறது. நீ வெள்ளிக்கிழமை விலகினாய். திங்கட்கிழமை காலை உன் பத்தாம் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள், நான் வாங்கிக்கொண்டேன். இரண்டாவது பீரியட். உள்ளே போனதும் முதல் வரிசையிலிருந்த அந்தப் பெண் எழுந்து, அந்த மிஸ் இனிமேல் வரமாட்டாங்களா என்று கேட்டாள். வரமாட்டார்கள் என்றேன். என்னோடு பேசுகிறேன் என்று சொன்னார்களாமே என்றாள். உட்கார் என்றேன். பரிணாமப் பாடத்தில் இரண்டரைப் பக்கம் மீதி இருந்தது. அதை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த பாடத்தைத் தொடங்கினேன்.